அயர்லாந்தின் மின்சாரம் எங்கே போகிறது?

அயர்லாந்தின் மொத்த மின்சாரத்தில் 2015இல் தரவு மையங்களுக்குப் போனது 5 சதவீதம்; 2023இல் 21 சதவீதம். அங்குள்ள நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்தும் அவ்வளவு செலவிடவில்லை. குறைந்த நிறுவன வரியும் குளிர்ந்த காற்றும் தொழில்நுட்ப நிறுவனங்களை அங்கே இழுத்தன.

இவ்வளவு மின்சாரம் எப்படிச் செலவாகிறது? தரவு மையத்தில் அடுக்கியிருக்கும் சர்வர்களின் சிப்புகளிலுள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஓயாமல் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்னாற்றல் வெப்பமாகிறது. உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியேறும். அந்தச் சூட்டைத் தணிக்க விசிறிகள் இரவு பகலாக ஓட வேண்டும், அதற்கும் மின்சாரம்!

வரி வருமானம் பெருகியது உண்மைதான். ஆனால் மின்கட்டமைப்பு தாங்குமா என்று அரசு முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். டப்ளினை ஒட்டிய டாலாவில் நடப்பது நம்பிக்கை தருகிறது: தரவு மையத்தின் கழிவு வெப்பத்தை எடுத்து, வெப்பப் பம்புகள் அதன் வெப்பநிலையை உயர்த்தி, உள்ளாட்சி அலுவலகத்துக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் வெந்நீராகக் குழாயில் அனுப்புகின்றன.