ஆக்சிஜன் சென்சார்: மாற்றும் முன்னே…

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரும் ஆக்சிஜன் சென்சாரைக் கைகாட்டுகிறது. உடனே புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கலவை சரிதானா என்று புகைபோக்கியில் இருந்தபடி சொல்வது இந்தச் சென்சார். பரவலாக உள்ள வகையின் முனையில் சிர்கோனியா பீங்கான் இருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அதன் வழியே நகரத் தொடங்கும். புகையில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் 0.9 வோல்ட் வரை வரும், மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். இதைப் பார்த்துத்தான் கணினி பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும்.

கரி, எரிந்த ஆயில், சிலிகான் பசையின் ஆவி ஆகியவை முனையில் படிந்தால் சென்சார் மந்தமாகும், மைலேஜ் விழும். ஆனால் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் அளவு தவறாகவே காட்டும். முதலில் அதைத் தேடுங்கள், வீண்செலவு மிச்சம்.

கசிவு இல்லை, சென்சாரை மாற்றத்தான் வேண்டும் என்றால், என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள், மரை சுலபமாக இளகும். கார்களில் பெரும்பாலும் 22 மி.மீ. ஸ்பேனர், வயர் நுழையப் பிளவு விட்ட சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை பெரும்பாலும் புதிய சென்சாரிலேயே பூசி வரும். இல்லையென்றால் மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படவே கூடாது.