பாலைநிலப் பள்ளத்தாக்கு ஏரியில் முதற் படகுப் பயணம்

பயணம் மனிதனுக்கு அறிவூட்டும் ஆசான் என்பர் பெரியோர். பூமியில் சுற்றி வந்து படைப்பின் விந்தைகளைக் கண்டு சிந்திக்குமாறு திருமறையும் மாந்தரைப் பன்முறை அழைக்கிறது. அவ்வாறு கண்டு சிந்திக்கத்தக்க இடங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கே யூட்டா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களில் நீண்டு கிடக்கும் பவல் ஏரியாகும். செம்பாறைச் சுவர்கள் வானளாவ நிற்க, அவற்றின் அடியில் நீலநீர் அசைவற்றுத் தோன்றும். அக்காட்சியின் அழகில் மயங்கி, ஆயத்தமின்றிப் படகேறுவோரும் உண்டு.

அந்த ஏரியில் பேரிடர் விளைவிப்பவை பெரும்பாலும் கண்ணெதிரே நிற்பவை அல்ல. நீருக்கடியில் மறைந்த பாறை, தொலைவில் பெய்யும் மழை, மணமற்ற நச்சுக்காற்று ஆகியவையே அங்கு மனிதனை வீழ்த்துகின்றன. ஆகவே, கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கரையில் இருக்கும்போதே எண்ணிப் பார்ப்பதுதான் முதற் பயணத்திற்கான திட்டமிடல் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரி பிறந்த வரலாறு

பவல் ஏரி இயற்கை ஏரியன்று. கொலராடோ ஆற்றின் குறுக்கே, அரிசோனாவின் பேஜ் நகருக்கு அருகில், 710 அடி உயரமுள்ள கிளென் கேன்யன் அணை கட்டப்பட்டதன் விளைவாகத் தோன்றியது. கட்டுமானப் பணி 1956ஆம் ஆண்டு தொடங்கிற்று. 1963 மார்ச்சுத் திங்களில் நீர் தேங்கத் தொடங்கி, 1980 ஜூன் திங்களில்தான் ஏரி முதன்முறையாக முழுக் கொள்ளளவை எட்டியது. அதாவது, ஏரி நிறைவதற்கு 17 ஆண்டுகள் ஆயின. நிறைந்த நிலையில் அதன் நீளம் 186 மைல், ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இருமருங்கும் 96 கிளைப் பள்ளத்தாக்குகள் பிரிந்து செல்வதால், வளைந்து நெளியும் கரையின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,960 மைல் என்பர். 1972ஆம் ஆண்டு முதல் இப்பகுதி தேசியப் பொழுதுபோக்கு நிலப்பகுதியாக அந்நாட்டுப் பூங்காத்துறையின் ஆளுகையில் இருந்து வருகிறது.

ஏரிக்குப் பெயரளித்தவர் ஜான் வெஸ்லி பவல் என்னும் நிலவியல் அறிஞர். உள்நாட்டுப் போரில், 1862ஆம் ஆண்டு ஷைலோ களத்தில் வலக்கையை இழந்தவர் அவர். 1869 மே 24 அன்று அவரையும் சேர்த்துப் பத்துப் பேர், நான்கு படகுகளில், பத்துத் திங்களுக்கான உணவுடன் வயோமிங் பகுதியிலிருந்து ஆற்றில் இறங்கினர். சுமார் இரு வாரங்களில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. அதனுடன் உணவில் மூன்றிலொரு பங்கும் போயிற்று. ஒருவர் இடைவழியிலேயே விலகிக்கொண்டார். இறுதிக் கட்டத்தில் மூவர், இனி இவ்வாற்றில் செல்வது உயிருக்கு உலை என்று கருதி, மேட்டு நிலத்தில் ஏறிப் பிரிந்து சென்றனர். பிரிந்தவர்கள் வழியில் கொல்லப்பட்டனர். ஆற்றை நம்பியிருந்த அறுவர் இரண்டே நாள்களில் பள்ளத்தாக்கைக் கடந்து பிழைத்தனர்.

அவர்களிடம் வரைபடம் இல்லை. அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்பதை அறியும் வழியும் இல்லை. இன்று செல்வோருக்கோ அறியும் வழிகள் பலவும் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல் செல்வது துணிவாகாது, அறியாமையே ஆகும்.

முதலில் அறிய வேண்டுவது நீர்மட்டம்

ஏனைய ஏரிகளில் கரை எங்கே என்று கேட்க வேண்டுவதில்லை. இங்கோ அதுவே முதற் கேள்வியாகும். ஏரி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 3,700 அடி. நீண்ட வறட்சியின் காரணமாக 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது அதனினும் சுமார் 180 அடி தாழ்ந்து, ஏரி நிறைந்த காலத்திற்குப் பின் காணாத தாழ்நிலையை அடைந்தது. அதே ஆண்டில் மலைகளில் பெய்த பெரும்பனி உருகி வந்தபோது, ஜூலைக்குள் 60 அடிக்கு மேல் உயர்ந்தது. பாறைச் சுவர்களில் காணப்படும் வெண்ணிறப் பட்டை, பழைய நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் படிவாகும். அதனைப் பார்த்தாலே நீர் எவ்வளவு இறங்கியுள்ளது என்பது விளங்கும்.

இம்மாற்றத்தால் விளையும் பயன் யாது? சென்ற ஆண்டு படகு இறக்கிய சாய்தளம் இவ்வாண்டு நீருக்கு எட்டாமல் வறண்டு நிற்கலாம். சென்ற ஆண்டு பல அடி ஆழத்தில் கிடந்த பாறை, இவ்வாண்டு படகின் சுழல்விசிறியைத் தட்டும் அளவிற்கு மேலே வந்திருக்கலாம். வாவீப் விரிகுடாவிலிருந்து கிழக்கே செல்லும் ‘காசில் ராக்’ குறுக்குவழி நீர் தாழ்ந்தால் அடைபட்டுவிடும். அப்போது ஏறத்தாழ 12 மைல் சுற்றியே செல்ல வேண்டும். ஆகவே, நண்பர் தந்த பழைய வரைபடத்தை மட்டும் நம்பலாகாது. புறப்படும் வாரத்தில் பூங்காத்துறை அறிவிக்கும் நீர்மட்டத்தையும், எந்தச் சாய்தளங்கள் இயங்குகின்றன என்பதையும் கேட்டறிந்த பின்னரே நாளைக் குறித்தல் வேண்டும்.

இரவில் கரையொதுங்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. படகுவீட்டின் முன்பகுதியை மணற்கரையில் ஏற்றி, பின்புறத்திலிருந்து இருபக்கமும் விரித்த கயிறுகளில் நங்கூரங்களைக் கட்டி மணலில் ஆழப் புதைப்பர். பனி உருகும் பருவத்தில் நீர் நாளுக்கு நாள் ஏறுவதால் கயிறு தளரும், படகு மிதந்து நகரும். நீர் இறங்கும் பருவத்தில் படகு மணலில் தட்டி நின்றுவிடும். காலையும் மாலையும் கயிற்றைச் சரிபார்ப்பது கடமையாகும்.

தொலைவும் எரிபொருளும்

தென்கோடியிலுள்ள வாவீப் படகுத்துறையிலிருந்து வடக்கே புல்ஃப்ராக் படகுத்துறை ஏறத்தாழ 95 மைல். பலரும் காண விரும்பும் வானவில் பாலத்திற்குப் போகவே 50 மைல் ஆகும். இடையே சாலையில்லை, கடையில்லை. கைப்பேசித் தொடர்பும் பெரும்பாலான இடங்களில் கிடைப்பதில்லை. எனவே, எரிபொருளை மூன்று கூறாகப் பகுத்து, ஒரு கூறு செல்வதற்கு, ஒரு கூறு திரும்புவதற்கு, ஒரு கூறு எதிர்பாராமைக்கு என வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். முதன்மைக் கால்வாயில் மிதக்கும் குறிகளின் எண்கள் அணையிலிருந்து எத்தனை மைல் என்பதைக் காட்டுவன. கடந்து வந்த எண்ணைக் குறித்து வைத்தால் வழி தவறாது. உதவி கோர, படகு வானொலியின் 16ஆம் அலைவரிசையை அறிந்திருத்தல் வேண்டும். எங்கே செல்கிறோம், என்று திரும்புவோம், எத்தனை பேர் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்வது மிகவும் நன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. அரிசோனா மாநிலம் கோடைக்காலக் கடிகார மாற்றத்தைக் கைக்கொள்வதில்லை. யூட்டாவும், தென்கரையிலுள்ள நவாஹோ மக்களின் நிலமும் கைக்கொள்கின்றன. ஆதலால் மார்ச்சு முதல் நவம்பர் வரை ஒரே ஏரியில் இரண்டு நேரம் நிலவும். வாடகைப் படகைத் திருப்பித் தரும் மணியைக் கேட்கும்போது எந்த நேரம் என்பதையும் கேட்க வேண்டும். கடிகாரம் எதுவாயினும் கதிரவன் ஒன்றே. மஃரிபு நேரத்திற்கு வெகுமுன்பே படகு கரையில் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். இருளில் பாறைச்சுவரும் நீரும் ஒன்றாகவே தோன்றும்.

காற்றும் அலையும்

மணற்கரையில் மோதும் அலை அங்கேயே அடங்கிவிடும். செங்குத்துப் பாறையில் மோதும் அலையோ அடங்குவதில்லை, திரும்பி வருகிறது. இருபக்கச் சுவர்களுக்கிடையே அலைகள் ஒன்றோடொன்று மோதி, குறுகிய கால்வாயில் நீர் கொந்தளிக்கும். ஒதுங்குவதற்குக் கரையும் பல மைல்களுக்கு இராது. வசந்த காலத்தில் பலத்த காற்றும், கோடைப் பிற்பகலில் இடிமழைக் காற்றும் வீசுவதுண்டு. உயர்ந்த பக்கங்களையுடைய படகுவீட்டைக் காற்று பாய்மரத்தைத் தள்ளுவதுபோல் தள்ளிவிடும். எனவே, காலையில் பயணம், நண்பகல் கடந்ததும் கரை என்பது நல்ல ஒழுங்கு. முதன்முறை செல்வோர் முதல் நாளில் குறைந்த தொலைவே சென்று, படகைத் திருப்பவும் நிறுத்தவும் பழகிக்கொள்ளல் வேண்டும்.

தொலைவில் பெய்யும் மழை

1997 ஆகஸ்டு 12 அன்று, இவ்வேரியில் வந்து சேரும் ஆன்டிலோப் என்னும் குறுகிய பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் சுற்றுலாப் பயணிகள் சிலர் நடந்துகொண்டிருந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை. பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழை வெள்ளமாகத் திரண்டு வந்து பதினொருவரின் உயிரைக் கொண்டு சென்றது. காரணம் எளிது. மழைநீரை உறிஞ்ச அங்கே பாறைமீது மண்ணில்லை, தடுக்க மரஞ்செடிகள் இல்லை. பரந்த நிலத்தில் விழுந்த நீர் அனைத்தும் சில அடி அகலமே உள்ள பிளவில் புகுந்து பாய்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இத்தகைய மழைக்காலமாகும். அப்பருவத்தில் குறுகிய கிளைப் பள்ளத்தாக்கின் அடியில் கூடாரமிடலாகாது. தலைக்குமேல் வானம் தெளிந்திருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

மணமற்ற நஞ்சு

2000ஆம் ஆண்டு இவ்வேரியில் படகுவீட்டின் பின்புறம் நீந்திய சிறுவர் இருவர் உயிரிழந்தனர். மின்னாக்கியிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, பின்தளத்தின் அடியில் தேங்கி நின்றதே காரணம். அவ்வாயுவிற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுடன் குருதியில் கலந்து உயிர்க்காற்று சேரவிடாமல் தடுக்கும். மயங்கியவர் நீரில் மூழ்கிவிடுவார். பார்ப்போர் அதனை நீந்தத் தெரியாமல் மூழ்கியதாகவே எண்ணுவர். அரசின் ஆய்வாளர் இதனை ஆராய்ந்து வெளிப்படுத்திய பின்னர், புகைபோக்கியைக் கூரைக்கு மேலே கொண்டு செல்லும் படகமைப்பு பரவலாயிற்று. எந்திரமோ மின்னாக்கியோ ஓடும்போது படகின் பின்புறம் எவரும் நீந்தலாகாது என்பதைக் குழந்தைகளுக்குப் புறப்படுமுன்பே சொல்லி வைத்தல் வேண்டும்.

உடலுக்கும் உயிருக்கும் காப்பு

கோடையில் வெப்பம் 38 பாகைக்கு மேல் செல்வதுண்டு. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்வதால் உடல் நீரிழப்பதை உணர்வதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டு எடுத்துச் செல்க. பன்னிரண்டு வயதும் அதற்குட்பட்டோரும் படகு செல்லும்போது மிதவைச் சட்டை அணிந்திருத்தல் அங்குச் சட்டமாகும். பெரியவர்களுக்கும் அதுவே அறிவுடைமை. நீருக்கடியில் என்ன உள்ளதென அறியாது பாறையிலிருந்து குதித்தல் கூடவே கூடாது.

பிறர் உரிமை

வானவில் பாலம் 290 அடி உயரமுள்ள இயற்கைப் பாறை வளைவு. 1910ஆம் ஆண்டு தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அது, நவாஹோ முதலிய பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. அதன் அடியில் நடக்க வேண்டாம் என்று வருவோர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பிறர் தூயதெனப் போற்றும் இடத்தை மதிப்பது விருந்தினர் கடன். நீர் இறங்கும்போது வெளிப்படும் பழங்குடியினரின் மட்கல ஓடுகளையும் எடுத்தல் குற்றமாகும். கழிவனைத்தையும் கலத்தில் அடைத்துத் திருப்பிக் கொண்டுவருதல் விதி. கொலராடோ ஆற்றை நம்பி ஏறத்தாழ 4 கோடி மக்கள் வாழ்கின்றனர் என்பதை நினைத்தால் இவ்விதியின் நியாயம் விளங்கும். 2013ஆம் ஆண்டு முதல் இவ்வேரியில் குவாகா என்னும் அயல்நாட்டுச் சிப்பி பரவியுள்ளது. படகில் ஒட்டிச் சென்று பிற ஏரிகளையும் குழாய்களையும் கெடுக்கும் ஆதலால், வெளியேறும் படகின் நீரை முற்றும் வடித்து உலர்த்துவதும் கட்டாயமாகும்.

நிறைவாக

மூவர் பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அதன் பொருளை இத்தகைய நீர்நிலையில்தான் நன்கு உணரலாம். விடுமுறையும் பணமும் செலவான பின், “இன்று காற்று சரியில்லை, போக வேண்டாம்” என்று சொல்லும் உரிமையும் உறுதியும் உடைய ஒருவர் படகில் இருத்தல் வேண்டும். அவர் சொல்லை ஏனையோர் முகஞ்சுளிக்காது ஏற்றலும் வேண்டும். படகிலுள்ள குழந்தைகள் தலைவரை நம்பி ஏறியவர்கள். அவ்வுயிர்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுக என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். படகின் கயிற்றைக் கட்டுவதும், நீர்மட்டம் கேட்பதும், எரிபொருள் அளப்பதும், வானிலை பார்ப்பதும் அவ்வகைக் கட்டுதலே ஆகும். கட்ட வேண்டியவற்றைக் கட்டிய பின், செம்பாறைகளுக்கிடையே விடியும் பொழுதைக் கண்டு படைத்தவனைப் புகழ்வோமாக.