யார் வீட்டு பங்ஷன்?



போன செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று, "கணக்குல அரியர் விழுந்துடுச்சும்மா, பங்ஷன்லதான் மார்க் போச்சு" என்று வீட்டில் சொன்னேன். "பரீட்சை நேரத்துல யார் வீட்டு பங்ஷனுக்குடா போன?" என்று அம்மா கேட்டாங்க. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம்... எங்கள் சாமல்பட்டியில் பங்ஷன் என்றால் இவைதானே! கல் பாலிஷ் பட்டறைக்குப் போய்வரும் அப்பா எதுவும் கேட்கவில்லை. அரியர் பீஸை மட்டும் எண்ணிக் கொடுத்தார். அதுதான் சுட்டது. அம்மாவுக்காவது இதைப் புரியவைப்போம் என்று உட்கார்ந்தேன்.

தமிழில் இதற்குச் சார்பு என்று பெயர். ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பது. அன்று நாங்கள் ஊத்தங்கரையில் ஏறிவந்த டவுன் பஸ் டிக்கெட் சட்டைப்பையிலேயே இருந்தது. "இறங்குற இடத்தைச் சொன்னா அதுக்கு ஒரே ஒரு கட்டணம். அதான் பங்ஷன்" என்றேன். ஒரே ஸ்டேஜில் வரும் இரண்டு இடங்களுக்கு ஒரே கட்டணம் இருக்கலாம், தப்பில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு கட்டணம் என்றால்தான் கண்டக்டரோடு சண்டை! டிக்கெட்டில் உள்ள ரூபாயை மட்டும் பார்த்து, இறங்கிய இடத்தைச் சொல்லவும் முடியாது. அந்தச் சார்புக்கு நேர்மாறு இல்லை என்பது இதைத்தான்.

அம்மா விடவில்லை. "நானும் உன்கூடத்தானே ஏறி எறங்கினேன்? எங்கிட்ட காசே வாங்கலையே?"

மாட்டிக்கொண்டேன். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இடம் ஒன்று, கட்டணம் இரண்டு. அப்படியானால் நான் சொன்னது பங்ஷனே இல்லையா? ராத்திரி படுத்தபிறகுதான் பிடிபட்டது. கட்டணம் இடத்தை மட்டும் சார்ந்ததல்ல, ஏறும் ஆளையும் சார்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மறுபடி ஒரே விடைதான். நாம் பாடத்தில் படிக்கும் இருமாறிச் சார்பு இதுவே. அம்மாவை மட்டும் எடுத்துக்கொண்டால் எங்கே இறங்கினாலும் 0, அது மாறிலிச் சார்பு.

பரீட்சையில் நான் கோட்டைவிட்டதும் இங்கேதான். x² + y² = 25 என்பதில் y, x-இன் சார்பா என்று கேள்வி. சமன்பாடு இருக்கிறதே என்று 'ஆம்' போட்டேன். x = 3 என்றால் y = 4 என்றும் வரும், –4 என்றும் வரும். ஒரே இடத்துக்கு இரண்டு டிக்கெட்!

சூத்திரம்தான் சார்பு என்று நினைத்தது நான் மட்டுமல்ல. மாமேதை ஆய்லரே 1748-இல் வந்த தம் நூலில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். ஒவ்வொரு x-க்கும் ஒரு y கிடைத்தால் போதும், சூத்திரம் தேவையில்லை என்று 1837-இல் டிரிச்லே சொன்னார். நம் ராமானுஜன் ஆராய்ந்த பிரிவினைச் சார்பைப் பாருங்கள். 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகப் பிரிக்கலாம். 100-ஐ 19,05,69,292 விதமாகப் பிரிக்கலாம். ராமானுஜனும் ஹார்டியும் மிக நெருங்கிய விடை தரும் சூத்திரத்தை வெளியிட்டது 1918-இல். அதற்கு முன்பும் ஒவ்வோர் எண்ணுக்கும் விடை ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் காலை அம்மாவிடம் இருமாறிச் சார்பைச் சொன்னேன். "இதை நேத்தே சொல்ல வேண்டியதுதானே" என்று சோற்றுப் போசியை மூடிக் கொடுத்தாங்க. அந்தப் பேப்பரை இந்த செமஸ்டரில் மறுபடி எழுதுகிறேன்.