கேமரன் மலைக்காக அமைச்சரிடம் யார் கேள்வி கேட்பது?

நாடாளுமன்றம் என்றதும் உங்கள் கைப்பேசியில் முதலில் வருவது என்ன? பெரும்பாலும் 30 விநாடி வீடியோ ஒன்று. யாரோ எழுந்து கத்துகிறார், இன்னொருவர் "டுடோக், டுடோக்" என்கிறார். சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம்.

ஆனா, அதே மக்களவையில் காலை 10 மணி முதல் பதினொன்றரை வரை பெரிதாகச் சத்தமில்லாமல் ஒரு வேலை நடக்கிறது. அதுதான் கேள்வி நேரம். மருத்துவமனை, சாலை, பள்ளிக்கூடம், போலீஸ் என்று எதைப் பற்றியும் உறுப்பினர்கள் கேட்கலாம். அமைச்சரோ துணையமைச்சரோ எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, நீங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. தோட்டப் பாதையில் இறங்கி, பெரிய சாலையைப் பிடித்து, தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முடியாது என்றால் மலையிறங்கி ஈப்போவுக்கு. அந்த நேரத்துக்கு ஆம்புலன்ஸ் ஏன் தாமதம், நிபுணர் ஏன் இல்லை என்று உங்கள் சார்பில் யார் கேட்பது? யாரிடம் கேட்பது?

அவையில் மொத்தம் 222 பேர் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை.

முதலில், யார் பொறுப்பு?

தப்பான கதவைத் தட்டினால் "இது எங்கள் பொறுப்பு இல்லை" என்ற பதில்தான் வரும். அதனால் இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை, பள்ளி, போலீஸ், தொழிலாளர் சட்டம் எல்லாம் கூட்டரசு அரசாங்கத்தின் கையில். தாப்பாவிலிருந்து மலையேறும் 59-ஆம் எண் சாலையும் கூட்டரசுச் சாலைதான். இவற்றுக்கு கோலாலம்பூரில், மக்களவையில் கேட்க வேண்டும்.

நிலம் மாநிலத்தின் கையில். யாருக்கு எந்தச் சரிவில் விவசாய அனுமதி, எங்கே காட்டை வெட்டலாம் என்பதெல்லாம் பகாங் அரசாங்கத்தின் முடிவு. குழாயில் வரும் தண்ணீரும் மாநில நிறுவனத்தின் பொறுப்பு. இதற்கெல்லாம் குவாந்தானில் கூடும் பகாங் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும்.

தெருவிளக்கு, கால்வாய், சந்தை போன்றவை கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் வேலை. ஆனா அங்கே நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் யாரும் இல்லை. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. ஆகவே, இந்தக் கேள்வியும் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தோட்டத்துக்குள் இருக்கும் பாதையும் வீடும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். அங்கே அரசாங்கம் நேரடியாக வேலை செய்வதில்லை. ஆனா தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் என்ன என்று 1990-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் சொல்கிறது. அதை அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா, அதற்கு மேலே மனிதவள அமைச்சு. அதாவது, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதுகூட மக்களவையில் கேட்கக்கூடிய விஷயம்தான்.

நம்ம எம்.பி. எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

கேமரன் மலை தனித் தொகுதியாக முதன்முதலில் 2004-இல் தேர்தலைச் சந்தித்தது. அதிலிருந்து அதன் பிரதிநிதிகள் அவையில் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். கதை சுவாரசியமானது.

முதல் எம்.பி. ம.இ.கா.வின் கே. தேவமணி. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. போலீஸ் கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியும் பயன்படுத்தியது. அதையொட்டி, ஆளும் கூட்டணியைச் சேர்ந்த தேவமணியே மக்களவையில் எழுந்தார். இத்தனை இந்தியர்கள் தெருவுக்கு வந்திருப்பது அவர்களைக் கவனிக்க வேண்டிய அமைப்பு தவறியதைக் காட்டுகிறது என்ற பொருளில் பேசினார். அதற்காக அவருடைய கூட்டணித் தலைமை அவரிடமே விளக்கம் கேட்டது.

2008 தேர்தலுக்குப் பிறகு அவர் பிரதமர் துறையில் துணையமைச்சரானார். கேள்வி கேட்ட வரிசையிலிருந்து பதில் சொல்லும் வரிசைக்கு மாறிவிட்டார்.

2013-இல் வந்தவர் ஜி. பழனிவேல். இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சராகவும் அவரே இருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 23 அதிகாலை, ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும் சேற்று வெள்ளம்.

அணை மின்சார நிறுவனத்துடையது. ஆறு சுற்றுச்சூழல் அமைச்சின் கீழ் இருந்த வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. மேலே சரிவுகளில் வெட்டப்பட்ட நிலம் மாநிலத்துடையது. ஒரே வெள்ளம், ஆனா பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று பக்கம். அதில் ஒரு பக்கத்து அமைச்சர், பாதிக்கப்பட்ட தொகுதியின் எம்.பி.யே! அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் இடத்தில் அமைச்சர் நிற்க முடியாது. தொகுதிக்காக வேறு யாராவது கேட்டால்தான் உண்டு.

2018-இல் தேசிய முன்னணி பெற்ற வெற்றியை, வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் 3,238 வாக்குப் பெரும்பான்மையில் ஜெயித்தவர் ரம்லி முகமட் நோர். மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வக்குடி உறுப்பினர் அவர், முன்னாள் போலீஸ் அதிகாரியும்கூட. 2022 பொதுத்தேர்தலிலும் வென்றார். அந்த டிசம்பரில் மக்களவைத் துணை சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைமை இருக்கையில் இருக்கும் நேரத்தில் அவர் நடுவர். யார் கேட்கலாம் என்று அவர் அழைக்கலாம், அங்கிருந்தபடி தாமே கேட்க முடியாது.

குவாந்தானிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். இந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள்: தானா ராத்தா, ஜெலாய். ஜெலாயில் 2022-இல் வென்றவர் மந்திரி பெசார் வான் ரோஸ்டி. தானா ராத்தாவை 2018-இலும் 2022-இலும் வென்றது ஜ.செ.க. அந்தத் தேர்தலுக்குப் பின் அமைந்த மாநிலக் கூட்டணி அரசாங்கத்தில் அக்கட்சியும் சேர்ந்தது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. உங்கள் பிரதிநிதிக்குப் பதவி கிடைப்பது தொகுதிக்கு நல்லதாகவும் இருக்கலாம், கதவுக்குப் பின்னால் அவர் சாதிக்கலாம். ஆனா பகிரங்கமாகக் கேட்பது வேறு. அது பதிவாகும். பிறகு மறுக்க முடியாது.

அப்படியானால் வேறு யார் கேட்கலாம்?

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: கேமரன் மலையைப் பற்றிக் கேட்க கேமரன் மலை எம்.பி.யாக இருக்க வேண்டியதில்லை. அரசாங்கப் பதவியில் இல்லாத எந்த உறுப்பினரும், எந்தக் கட்சிக்காரரும், எந்தத் தொகுதியைப் பற்றியும் கேட்கலாம். பக்கத்துப் பேராக் எம்.பி. கேட்டாலும் அமைச்சர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வியை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் தகவல் திரட்டி அமைச்சருக்குப் பதில் தயாரிப்பார்கள். நேரம் முடிந்து வாய்மொழியாகச் சொல்ல முடியாமல் போனால், எழுத்தில் பதில் வரும். செவ்வாய்க்கிழமைகளில் பிரதமருக்கென்று தனி நேரம் இருக்கிறது. தவிர, தொகுதிப் பிரச்சினையைச் சில நிமிடம் விரிவாகப் பேசி அரசாங்கத்தின் பதிலைப் பெற, சிறப்பு அவையும் உண்டு.

உண்மையான பரீட்சை துணைக்கேள்விதான். முதல் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். "சரி, எப்போது முடியும்?" என்று உறுப்பினர் திருப்பிக் கேட்கும்போதுதான் அமைச்சருக்கு விஷயம் தெரியுமா என்பது வெளியே வரும்.

போலீஸ் பற்றி யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். இந்தியாவில் போலீஸ் மாநிலப் பொறுப்பு, அதனால் சட்டமன்றத்தில் முதலமைச்சரைக் கேட்கிறார்கள். மலேசியாவில் அப்படியில்லை. நாடு முழுக்க ஒரே போலீஸ் படை. மந்திரி பெசாரிடம் கேட்டுப் பயனில்லை, மக்களவையில் உள்துறை அமைச்சரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனா நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்டால் கேள்வி தள்ளுபடியாகும். கருத்தையும் குற்றச்சாட்டையும் கேள்விக்குள் திணித்தாலும் அப்படித்தான். "தோட்டப் பக்கம் போலீஸ் எட்டிப் பார்ப்பதே இல்லை, ஏன்?" என்பது நிற்காது. "கேமரன் மலை மாவட்டத்தில் எத்தனை போலீஸ்காரர்கள், எத்தனை இடம் காலி, தோட்டங்களுக்கு எத்தனை ரோந்து?" என்பது நிற்கும். அதற்குப் பதிலாக எண்தான் சொல்லியாக வேண்டும்.

உங்கள் சொந்தப் புகாருக்கு நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்கு ஓர் உரிமை தருகிறது. கைது ஆணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிடலாம்.

போலீஸ்காரரின் நடத்தை பற்றிய புகார் என்றால், 2023 ஜூலை 1 முதல் போலீஸ் நடத்தை தொடர்பான சுயேச்சை ஆணையம் செயல்படுகிறது. தடுப்புக்காவலில் மரணம் நேர்ந்தால் போலீஸ் அதை இந்த ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனா ஆணையமே தண்டனை தர முடியாது. ஒழுங்கு நடவடிக்கைக்குப் போலீஸ் படை ஆணையத்திடம்தான் அனுப்பும். அனுப்பியவற்றில் எத்தனை நடவடிக்கையில் முடிந்தன? இதுவும் ஓர் எம்.பி. கேட்கத் தகுந்த கேள்விதான்.

ஓட்டு இல்லாதவர்களுக்காக?

2024 ஜனவரி 26 அதிகாலை, புளூ வேலியில் மண் சரிந்தது. மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, எம்.பி. இல்லை.

இன்று தேயிலை மலைகளில் கொழுந்து எடுப்பவர்களிலும் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நம் தாத்தா பாட்டியும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தார்கள். எந்த உறுப்பினரும் எதைப் பற்றியும் கேட்கலாம் என்ற விதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. கேட்க வேண்டுமென்று யாராவது ஒருவர் நினைத்தால் போதும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நாடாளுமன்ற இணையத்தளத்துக்குப் போங்கள். அவையில் பேசப்படுவது அத்தனையும் அச்சாகும் ஹன்சார்ட் அங்கே இலவசமாக இருக்கிறது. மலாய்தான், நீங்கள் படித்த மொழிதான். உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். கடைசியாக யார் கேட்டார், அமைச்சர் என்ன வாக்குக் கொடுத்தார், எந்தத் தேதியில் என்று குறித்து வையுங்கள்.

பிறகு உங்கள் பகுதியில் பாருங்கள். வாக்கு நிறைவேறியதா? இல்லையென்றால் அதுவே உங்கள் அடுத்த கேள்வி. தேதி, இடம், எண் மூன்றும் இருக்கும்படி இரண்டே வரியில் எழுதுங்கள். உங்கள் எம்.பி.க்கு அனுப்புங்கள். அவர் பதில் சொல்லும் பக்கம் இருந்தால், கேட்கும் பக்கம் இருக்கும் இன்னொருவருக்கும் அனுப்புங்கள். தோட்டத்துப் பாட்டி உங்களிடம் வாயால் சொன்னதை, அவையில் நிற்கக்கூடிய மலாய்க் கேள்வியாக மாற்றித் தர இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள்தான் பொருத்தமான ஆள்.