ஆணியோடு ஓடும் வண்டி

முன்பெல்லாம் மோட்டார் சைக்கிள் பஞ்சரானால் அன்றைய திட்டமே மாறிவிடும். முகூர்த்தம் தவறும், பஸ் போய்விடும், பள்ளிக்கூட வாசலில் பிள்ளை காத்துக் கிடக்கும். இன்றோ பஞ்சரான வண்டியிலேயே ஆபீஸ் போய், சாயங்காலம் வீடு திரும்பி, மறுநாள் காலையில்தான் ‘பின்னாடி காத்து கொஞ்சம் கம்மியா இருக்கே’ என்று யோசிக்கிறார்கள். இது நல்ல மாற்றம்தான். ஆனால் அதோடு கூடவே ஒரு வேலையும் வண்டி ஓட்டுகிறவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அதைத்தான் பலர் இன்னும் கவனிக்கவில்லை.

எண்பது, தொண்ணூறுகளில் ஓடிய புல்லட், ராஜ்தூத், யெஸ்டி, பின்னால் வந்த ஹீரோ ஹோண்டா எல்லாவற்றிலும் ஸ்போக்ஸ் சக்கரம், டயருக்குள் ட்யூப். ஊதிய பலூன் மாதிரி இழுபட்டு நிற்கும் ட்யூபை ஆணி தொட்டுவிட்டால் போதும். காற்று ட்யூபை விட்டு வெளியேறி, ரிம்மில் ஸ்போக்ஸ் நிற்கும் துளைகளிலும் மவுத் நிற்கும் துளையிலும் ஓடிப்போகும். பின்சக்கரம் என்றால் வண்டி இடுப்பை ஆட்டும்; முன்சக்கரம் என்றால் ஹேண்டில் கனத்து ஒரு பக்கம் இழுக்கும். அதற்கு மேலும் பிடிவாதமாக ஓட்டினால் டயர் ரிம்மில் நகர்ந்து, ட்யூபின் மவுத்தைப் பிய்த்துவிடும். நூற்றறுபது கிலோவுக்கு மேல் கனக்கும் புல்லட்டாக இருந்தாலும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

குத்துகிற பொருளும் அந்தக் காலத்துக்கே உரியது. மாட்டு வண்டி போகிற சாலை என்றால் லாட ஆணி. கண்மாய்க் கரை, வயல்காட்டுப் பாதை என்றால் சீமைக் கருவேல முள். முள் இன்னும் பொல்லாதது. வெளியே ஒடிந்து விழுந்துவிடும். நுனி மட்டும் டயருக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் அனுபவப்பட்ட கடைக்காரர் ட்யூபை ஒட்டியதோடு விடமாட்டார். டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலை விட்டுவிட்டால், ஒட்டின ஒட்டு பத்திரமாக இருக்கும். அடுத்த ஊர் வருவதற்குள் அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு ஓட்டை விழும்.

கடை இருக்கிற இடம் தூரத்திலிருந்தே தெரியும். மரக்கிளையிலோ கம்பத்திலோ பழைய டயர் ஒன்று தொங்கும். ராத்திரியில் அதற்குள் ஒரு பல்பு எரியும். நெடுஞ்சாலைக் கடைகளில் பலவற்றைக் கேரளத்திலிருந்து வந்தவர்கள் நடத்தினார்கள். லாரிக்காரர்களை நம்பிய கடை என்பதால் நடுராத்திரியிலும் தட்டி எழுப்பலாம். தெரிந்த கை என்றால் சக்கரத்தைக் கழற்றாமலேயே வேலை நடக்கும். டயரின் ஒரு பக்க விளிம்பை இரண்டு லிவரால் நெம்பி, ட்யூபை வெளியே உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வருவார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துத் துடைத்து, குச்சியால் அடையாளம் போட்டு, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரை ஊதிக்கொண்டிருப்பார். ஈரம் இருக்கும்போதே ஒட்டுப் போட்டால் நிற்காது என்பது அங்கே காத்திருந்த சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரியும். வல்கனைசிங் என்றால் இரும்பு அச்சில் வைத்துத் திருகி இறுக்கிச் சூடேற்ற வேண்டும். அதற்குத் தனி மணம், தனி விலையும் கூட.

எல்லாம் முடிந்து ட்யூபைத் திரும்பச் சொருகும்போதுதான் கண்டம். லிவர் நுனி ட்யூபைக் கடித்துவிட்டால் பழைய ஓட்டையை அடைத்த கையோடு புது ஓட்டை. கடைசியில் மவுத்தின் மேல் எச்சிலைத் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே காசு கைமாறும். அரை மணி, முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஆனால் எங்கே குத்தியது, எது குத்தியது, எப்படி அடைத்தார்கள் என்று எல்லாவற்றையும் வண்டிக்காரர் கண்ணால் பார்த்திருப்பார்.

இந்தக் கதையில் ஸ்கூட்டர்க்காரர்கள் மட்டும் சேரமாட்டார்கள். வெஸ்பாவிலும் பஜாஜ் சேத்தக்கிலும் ஸ்டெப்னி கூடவே வரும். முன்னும் பின்னும் ஒரே அளவு பத்து அங்குலச் சக்கரம். நட்டுகளைக் கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். இன்றைய ஸ்கூட்டர்களில் அந்தச் சக்கரத்தின் இடத்தைச் சாமான் வைக்கும் பெட்டி எடுத்துக்கொண்டது. ஸ்டெப்னி இல்லாமல் போகும் தைரியத்தைக் கொடுத்தது ட்யூப்லெஸ் டயர்.

1880-களின் கடைசியில் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்தார். அதிலிருந்து நெடுங்காலம் காற்றைத் தனியாக ஒரு ரப்பர்க் குழாயில் அடைத்து வைப்பதே வழக்கமாக இருந்தது. ட்யூப்லெஸ்ஸில் அந்தக் குழாயே கிடையாது. டயரின் உட்பூச்சு காற்றைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பு ரிம்மோடு இறுகி வாசலை அடைக்கும். ஆணி ஏறினால் ரப்பர் அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். ஓட்டை போட்ட ஆணியே அதற்கு மூடியாகிவிடும். காற்று இறங்க மணிக்கணக்கு, சில சமயம் நாள் கணக்கு ஆகும். இரண்டாயிரத்துக்குப் பிறகு அலாய் வீல் பரவியதும், அதன் பின்னால் ட்யூப்லெஸ்ஸும் சாதாரண வண்டிவரை வந்துவிட்டது.

இன்றைய வேலை பத்து நிமிஷம். குறடால் ஆணியைப் பிடுங்கி, முறுக்கு வரி போட்ட ஊசியை ஓட்டையில் விட்டு ஏற்றி இறக்கி, பிசுபிசுவென்ற திரியை இன்னொரு ஊசியின் காதில் கோத்துக் குத்தி, வெடுக்கென்று இழுத்தால் திரி மடிந்து உள்ளே நின்றுவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் அறுத்து, மேலே ஒரு சொட்டு எச்சில். அந்த எச்சில் மட்டும் மாறவில்லை. நூறு ரூபாயோ கொஞ்சம் கூடவோ ஆகும். போன் போட்டால் ஆள் வீட்டு வாசலுக்கே வருகிறார். பையில் வைக்கிற அளவு பேட்டரி பம்பும் கிடைக்கிறது. ராத்திரி வேலை முடிந்து தனியாக வரும் ஒரு பெண் ஆளில்லாத ரோட்டில் இறங்கி நிற்காமல், வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் வரை போய்ச் சேர முடிகிறதே, அது ஒன்றுக்காகவே இந்த மாற்றத்தை வாழ்த்தலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ட்யூப் வண்டி பஞ்சரானால் தானே சொல்லிவிடும். ட்யூப்லெஸ் சொல்லாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடாகும், வளைவில் வண்டி வழுக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். காற்று முழுக்க இறங்கிய பிறகும் ஓட்டினால் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். அப்புறம் கைப்பம்பால் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. கம்ப்ரசர் வைத்து ஒரே மூச்சில் அடித்தால்தான் விளிம்பு ‘டப்’பென்று போய் உட்காரும். பள்ளத்தில் விழுந்து அலாய் நெளிந்திருந்தால், ஆணியே இல்லாமல் ரிம் ஓரத்தில் காற்றுக் கசியும். திரி போடுவதும் டயரின் மேல்தளத்தில் மட்டும்தான். பக்கவாட்டில் குத்தினால் டயரை மாற்ற வேண்டியதுதான். மேலே குத்தினாலும் திரி தற்காலிக ஏற்பாடு. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடுவதே முறையான வேலை. நாமோ அந்தத் திரியை வைத்தே டயர் வழுக்கையாகிறவரை ஓட்டுகிறோம்.

பழைய முறை அடியோடு மறைந்துவிடவும் இல்லை. ஊர்ப்புறத்தில் மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல், பழைய ஸ்ப்ளெண்டர், ஸ்போக்ஸ் சக்கரப் புல்லட் எல்லாம் பெரும்பாலும் ட்யூபோடுதான் ஓடுகின்றன. அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டியும் லிவரும் இன்னும் வேண்டும்.

ட்யூப்லெஸ் வைத்திருப்பவருக்கு வேண்டியது ஒரு பழக்கம். வாரம் ஒரு தடவை, வண்டி சூடாவதற்கு முன்னால், காற்றைப் பார்ப்பது. எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரே சொல்லும். பல சாதாரண பைக்குகளுக்கு முன்னாடி 25 PSI, பின்னாடி 30-ஐ ஒட்டி இருக்கும். ஒரே சக்கரம் வாராவாரம் இறங்குகிறது என்றால், காற்றடித்துவிட்டுக் கிளம்பாமல் குனிந்து டயரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். காற்றுப் பார்க்கிறவர் வண்டிக்கு ஒருவர் வேண்டும்.