போகித் தீயில் போன யானை

சென்ற போகிப் பண்டிகையன்று நம் இல்லத்தில் ஒரு வழக்கு நடந்தது. வாதி, ஆறு வயதுப் பெண் குழந்தை. பிரதிவாதி, நாம்.

விஷயம் இதுதான். வீட்டைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில், பழைய பாய், கிழிந்த முறம், போன வருஷத்து நோட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றோடு, அலமாரியின் மேல் தட்டில் சுருட்டிக் கிடந்த ஒரு காகிதக் கட்டையும் எடுத்து, விடியற்காலையில் வாசலில் மூட்டிய தீயில் போட்டுவிட்டோம். பொழுது விடிந்ததும் குழந்தை எழுந்து வந்து, "அப்பா! என் யானை எங்கே?" என்று கேட்டாள்.

"எந்த யானை?" என்றோம்.

பள்ளிக்கூடத்தில் வரைந்த யானையாம். தும்பிக்கையில் குடை பிடித்த யானையாம். உபாத்தியாயினி அம்மாள் நட்சத்திரம் போட்டுக் கொடுத்த யானையாம். நமக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. ஆயினும் சமாளித்துக்கொண்டு, "அதனால் என்ன, கண்ணே? இன்னொரு யானை வரைந்தால் போயிற்று!" என்று சமாதானம் சொன்னோம்.

"அது அந்த யானை இல்லையே, அப்பா!" என்றாள் குழந்தை.

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. எவ்வளவோ பெரிய மனிதர்களுடன் வாதாடியிருக்கிறோம், இப்படித் தோற்றதில்லை. அந்தத் தோல்வியின் பயனாகக் கற்றுக்கொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெற்றோர் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்குப் போகும் குழந்தை வாரத்துக்கு மூன்று சித்திரம் வீட்டுக்குக் கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். நாற்பது வாரத்தில் 120 ஆகிவிடுகிறது. இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் 240. இவ்வளவையும் வைத்துக் காப்பாற்ற யாரால் முடியும்? ஆகையால் பெரும்பாலான குடும்பங்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, எல்லாம் பழைய காகிதக்காரரின் தராசுக்குப் போகின்றன. அல்லது எல்லாவற்றையும் அள்ளிப் பரண்மேல் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். இரண்டாவது வழியில் நாம் எதையும் எறியவில்லை என்ற திருப்தி இருக்கிறது. உண்மையில் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கறையானிடம் ஒப்படைத்திருக்கிறோம்; அவ்வளவுதான்.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கறையானுடன் பழைய பகை உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த வரலாற்றை அறியாதார் யார்? அவர் போய்ச் சேர்வதற்கு முன் செல்லரித்தவை, தீக்கிரையானவை, ஆற்றில் விடப்பட்டவை எத்தனை! குழந்தையின் கிறுக்கலையும் சங்கநூல் சுவடியையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். நாம் அவற்றை ஒப்பிடவில்லை. ஆனால் சுவடியை ஆற்றில் விட்டவர் துஷ்டர் அல்லர். கையில் இருப்பது இன்னதென்று அறியாதவர். போகித் தீயருகே நின்ற நாமும் அந்த வகைதான்.

குழந்தைச் சித்திரத்துக்கு மதிப்பு உண்டென்று நம் நாட்டுப் பெரியோர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தி அடிகள் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம், குழந்தையின் கைக்கும் அறிவுக்கும் உள்ள உறவையே அஸ்திவாரமாகக் கொண்டது. சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவிபிரசாத் 1944 முதல் பல ஆண்டுகள் சேவாகிராமத்தில் தங்கிக் குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பித்தார்; கலையே கல்விக்கு அடிப்படை என்று நூலும் எழுதினார். கேலிச் சித்திரத்தில் புகழ் பெற்ற சங்கர் 1949இல் குழந்தைகளுக்காக ஒரு சித்திரப் போட்டி தொடங்கினார். மறு ஆண்டே அது பிற தேசத்துக் குழந்தைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. இவர்கள் யாரும் குழந்தையைச் சிறிய ரவிவர்மாவாக ஆக்க முயலவில்லை. குழந்தை கண்டதைக் குழந்தையே சொல்லட்டும் என்றுதான் காகிதத்தைக் கொடுத்தார்கள்.

கடல் கடந்த நாட்டு வரலாறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். செக் நாட்டில் டெரஸீன் என்றொரு கோட்டை நகரம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது நாஜிகள் அதை யூத மக்களை அடைத்து வைக்கும் இடமாக்கினார்கள். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுபோகப்பட்டவர்களில் பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்ற சித்திரக் கலைஞர் ஒருவர். அந்த அம்மையார் அங்கிருந்த குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கிடைத்த காகிதத்திலெல்லாம் படம் வரையச் சொல்லிக் கொடுத்தார். வரைந்த படத்தில் அவரவர் பெயரை எழுதும்படியும் செய்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். ஏறக்குறைய 4,500 சித்திரங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்து, யுத்தம் முடிந்தபின் வெளிவந்தன. அவற்றை வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் மீளவில்லை. பிராக் நகரத்து யூதப் பொருட்காட்சிச் சாலையில் இன்று அச்சித்திரங்களைப் பார்ப்பவர்கள், வீடும் மரமும் பட்டாம்பூச்சியும் மட்டும் பார்ப்பதில்லை; ஓரத்தில் ஒரு பெயரையும் படிக்கிறார்கள். பெயர் எழுதியிராவிட்டால் அந்தக் குழந்தைகள் வெறும் எண்ணிக்கையாகப் போயிருப்பார்கள்.

நமக்கு அண்டையிலுள்ள கொச்சியிலே 1976இல் பிறந்தவன் எட்மண்ட் தாமஸ் கிளிண்ட். சிறுநீரக நோயால் 1983 ஏப்ரலில், ஏழு வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது, அவன் மறைந்தான். அதற்குள் 25,000க்கு மேற்பட்ட சித்திரங்கள் வரைந்துவிட்டான் என்கிறார்கள். குழந்தை போன பிறகு அந்தக் காகிதங்களைப் பார்க்கும்போது பெற்றோர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத நமக்குத் துணிவில்லை. அவர்கள் அவற்றை எறியாமல் காத்தபடியால் கேரளம் முழுவதும் அந்தச் சிறுவனை அறியும்.

நம் வீட்டுக் குழந்தைகள் நீடூழி வாழ்வார்கள். கிளிண்டைப் போல் அபூர்வப் பிறவிகளாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஒரு சங்கதி எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. ஆறு வயதுக் குழந்தை இருபது வயதில் நம் எதிரே நின்றாலும், அந்த ஆறு வயதுக் குழந்தை எங்கும் இருப்பதில்லை. அதன் கை எழுதியது மட்டுமே இருக்கும்.

சரி, எப்படிக் காப்பது? நாம் கண்ட வழி, குறைவாக வைத்துக்கொள்வது. வைத்துக்கொண்டதை நன்றாக வைத்துக்கொள்வது.

வருஷத்துக்கு ஒரு நாள் போதும். மே மாத விடுமுறையின் முதல் வாரத்தில் எல்லாச் சித்திரங்களையும் கூடத்தில் பரப்பி, அவற்றில் பன்னிரண்டைக் குழந்தையே பொறுக்கும்படி விட்டுவிட வேண்டும். பெற்றோர்களுக்கு இரண்டு மூன்று வோட்டு இருக்கலாம்; அதற்குமேல் கூடாது. சென்ற மே மாதத்தில் நாம் அப்படிச் செய்தபோது, நமக்கு மிகவும் பிடித்த மயிலைக் குழந்தை ஒதுக்கித் தள்ளிவிட்டாள். "அது டீச்சர் போட்ட கோடு; நான் கலர்தான் அடித்தேன்" என்றாள். அதற்குப் பதிலாக, ஒரு மூலைகூட விடாமல் கறுப்பு மெழுகுக் குச்சியால் தீற்றிய ஒரு தாளை எடுத்துப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டாள். நாமாக இருந்தால் முதலில் எறிந்திருப்பது அதைத்தான். "இது என்ன, அம்மா?" என்று கேட்டோம்.

"மின்சாரம் போயிற்றே, அந்த ராத்திரி! நாம் எல்லோரும் மொட்டை மாடியில் இருக்கிறோம். இருட்டாயிருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை" என்றாள்.

இந்த வாக்கியத்தை உடனே அந்தத் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்தோம். ஒவ்வொரு சித்திரத்தின் பின்னும் பெயர், தேதி, வயது, வகுப்பு, குழந்தை அதைப்பற்றிச் சொன்ன சொல் ஆகியவற்றை எழுத வேண்டும். மெதுவான பென்ஸிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுவது நலம். பேனா மை முன்பக்கம் ஊறும். பந்துமுனைப் பேனா தடம் பதிக்கும். முன்பக்கத்தில் ஒரு புள்ளிகூட நாம் வைக்கக் கூடாது. யானைக்கு ஐந்து கால் இருந்தால் இருக்கட்டும்.

இனி, பெட்டி. ஆண்டுக்குப் பன்னிரண்டு வீதம் நாலு வயது முதல் பதினைந்து வயது வரையில் சேர்த்தாலும் 144 தாள்கள்தான். அடுக்கினால் நாலைந்து விரல் உயரத்தைத் தாண்டாது. ஆகையால் இடமில்லை என்ற சாக்கு செல்லாது. பெரிய தாள் மடியாமல் படுக்கும் அளவுள்ள தகர டிரங்குப் பெட்டி ஒன்று போதும். சுருட்டினால் வண்ணம் விரிசல் விடும். மடித்தால் மடிப்பிலே உதிரும். அட்டைப் பெட்டி கறையானுக்கு விருந்து. பரண் உதவாது, அக்கினி நட்சத்திர வெயிலில் மெழுகு வண்ணம் இளகி மேல் தாளில் ஒட்டிக்கொள்ளும். வெளிச் சுவரை ஒட்டினாற்போலவும் வைக்க வேண்டாம். மழைக் காலத்தில் ஈரம் ஏறும். உள்ளறையில், தரையில் படாமல், இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைப்பது உத்தமம்.

தாளுக்கும் தாளுக்கும் இடையே செய்தித்தாளை வைப்பது நம் வீடுகளில் பெருவழக்கம். அது பெருந்தவறு. செய்தித்தாள் மரக்கூழைச் சுத்திகரிக்காமல் செய்யப்படுவது. அதிலுள்ள அமிலம் தன்னையும் பழுப்பாக்கி அடுத்த தாளையும் பழுப்பாக்கும். அமிலமற்ற வெள்ளைத் தாள் கடைகளில் கிடைக்கிறது. சற்று விலை அதிகமானாலும் பன்னிரண்டு தாளுக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது? குண்டூசி, கம்பித் தையல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், துருப்பிடிக்கும். பசைநாடா ஒட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சள் கறைதான் மிஞ்சும். லாமினேஷன் செய்துவிட்டால் நிரந்தரம் என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டில் மெழுகு வண்ணம் உருகுவது ஒருபுறமிருக்க, ஒருமுறை ஒட்டியதைப் பின்னால் பிரிக்கவே முடியாது.

பூச்சிகளுக்கு நம் முன்னோர் கண்ட பரிகாரம் இருக்கவே இருக்கிறது. தஞ்சைச் சரசுவதி மகாலில் சுவடிகளைக் காக்க, வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணி முடிச்சுகளாகக் கட்டி வைப்பது வழக்கம். அந்த முடிச்சைப் பெட்டியின் மூலையில், காகிதத்தில் படாமல் வைத்து, வாசனை போனதும் மாற்றலாம். குழந்தைகள் கை வைக்கும் பெட்டியில் அந்துருண்டை வேண்டாம். அது உடம்புக்கு ஆகாது. அரிசி, பருப்பு, இலை முதலியன ஒட்டிச் செய்த கைவேலைகளை இப்பெட்டியில் சேர்க்கவே கூடாது. ஒரு பருப்பைத் தேடி வரும் பூச்சி நூறு தாளைத் தின்றுவிட்டுத்தான் போகும். அவற்றையும் களிமண் பொம்மைகளையும் கைப்பேசியில் புகைப்படம் எடுத்து, பெயரும் தேதியும் இட்டு, இரண்டு இடங்களில் சேமித்து வைத்துக்கொள்வதே வழி.

தேர்வில் நில்லாத மற்றவற்றை என்ன செய்வது? தாத்தா பாட்டிக்கு ஒன்றிரண்டைத் தபாலில் அனுப்பலாம். அதைவிட மகிழ்ச்சியான கடிதம் அவர்களுக்கு வராது. பரிசுப் பொருள்களுக்கு உறையாகச் சுற்றலாம். மீதியைக் குழந்தையின் சம்மதம் கேட்டுக் காகிதக்காரருக்குப் போடலாம். சம்மதம் கேட்பது முக்கியம். கேட்டால் குழந்தைகள் பெரும்பாலும் தாராளமாகவே கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. சித்திரங்களைப் பெட்டியில் பூட்டி வைத்தே பாழாக்குவதும் உண்டு. நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் அவ்வருஷத்துச் சித்திரங்களைச் சில நாட்கள் வைக்கலாம். சரசுவதி பூஜையன்று புத்தகங்களோடு அவற்றையும் அடுக்கலாம். ஒன்பது நாள் வெளிச்சத்தினால் பெரிய கெடுதல் வந்துவிடாது. வருஷம் முழுவதும் ஜன்னலெதிரே மாட்டினால்தான் ஸ்கெட்ச் பேனா வண்ணங்கள் வெளிறிப் போகும். விஜயதசமியன்று குழந்தையின் கையாலேயே திரும்பப் பெட்டியில் வைக்கச் சொல்லலாம்.

நம் வழக்கு என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்பார்கள். யானை திரும்பவில்லை. குழந்தையும் இன்றுவரையில் குடை பிடித்த யானை ஒன்றை மறுபடி வரையவில்லை. வரையும்படி நாமும் சொல்லவில்லை. அவள் அளித்த தீர்ப்பு மட்டும் நம் இல்லத்தில் அமுலில் இருக்கிறது: இனிமேல் போகிக்கு முன்னால் அவளைக் கேட்காமல் ஒரு காகிதமும் வாசற்படி தாண்டக் கூடாது. தீர்ப்பு நியாயமானது. மேல் முறையீடு செய்யும் உத்தேசம் நமக்கு இல்லை.