ஆங்கிலச் செயப்பாட்டு வினையும் அதனோடு இயையும் வினையடையும்

மாத்தளை மாவட்டத்து மலைச்சரிவுகளில் அடைமழைக் காலத்தில் மண் சரிதல் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், அத்தகைய மழையொன்று ஓய்ந்த மறுவாரத்தில், தோட்டத்து மாணவனொருவன் தன் தந்தையார் பெயரால் ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பமொன்றைத் திருத்தித் தருமாறு என்னிடங் கொணர்ந்தான். தமிழில் எழுதினும் ஏற்பர். ஆங்கிலத்தில் எழுதின் விரைவிற் கவனிப்பர் என எவரோ அவனுக்குச் சொல்லியிருந்தனர். 'எங்கள் வீடு மிகவும் சேதமடைந்துள்ளது' என்பதே அவன் சொல்லக் கருதியது. அதனை 'அவர் ஹவுஸ் இஸ் வெரி டமேஜ்ட்' என்று எழுதியிருந்தான். யான் 'வெரி' என்பதனை வெட்டிவிட்டுப் 'பாட்லி' என எழுதினேன். "ஏன் சேர், இரண்டும் மிகவும் என்பதுதானே?" என்று அவன் வினவினான். "ஆங்கிலேயர் அவ்வாறு சொல்வதில்லை" என்றேன். அவ்விடை அவனுக்குப் போதுமானதாயிற்று, எனக்குப் போதவில்லை. அன்று கூறாது விட்டதனை ஈண்டுக் கூற முயல்கின்றேன்.

முதற்கண் நம் மொழியின் இயல்பை நோக்குவாம். தமிழிற் செயப்பாட்டு வினை 'படு' என்னுந் துணைவினையால் அமைவது. கட்டப்பட்டது, எழுதப்பட்டது என்பன போல வரும். ஆயினும், தமிழர் பேச்சில் இவ்வடிவம் அருகியே வழங்கும். செயப்படு பொருளையே செய்தது போல வைத்துக் கூறுதலும் வழக்கின்பாற்படும் என்பதனைத் தொல்காப்பியர் வினையியலிற் குறித்துள்ளார். திண்ணையை ஒருவர் மெழுகியிருக்கத் திண்ணையே மெழுகியது போலச் சொல்வதனை உரையாசிரியர் இதற்கு உதாரணமாகக் காட்டுவர். இன்றும் நாம் 'வீடு கட்டியாயிற்று' என்போமேயன்றி, 'வீடு எம்மாற் கட்டப்பட்டது' என்று அயலவரிடஞ் சொல்வதில்லை.

அன்றியும், ஆங்கிலம் ஒரே வடிவத்தால் உணர்த்தும் இரு பொருளைத் தமிழ் வேறு பிரித்துக் காட்டும். 'வொஸ் டமேஜ்ட்' என்னுமிடத்து, மழை சிதைத்ததோ மனிதர் சிதைத்தனரோ என்பது புலப்படாது. தமிழிலோ 'சேதமடைந்தது' என்பது வேறு, 'சேதப்படுத்தப்பட்டது' என்பது வேறு. பின்னதைக் கேட்டவுடன், யார் அவ்வாறு செய்தார் என்னும் வினா எழும். மண்சரிவில் விழுந்த சுவரைச் சேதப்படுத்தப்பட்ட சுவர் என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே ஒருவர்மேற் குற்றஞ் சாட்டுகின்றார். நம் மாணவனுக்கு நேர்ந்த இடர் இதன் மறுதலையாகும். 'சேதமடைந்தது' என்பது அவனுக்கு ஒரு நிலையாகவே தோன்றிற்று. களைப்பு, பசி, உயரம் போல 'மிகவும்' என்னும் அடையை ஏற்கும் ஒரு பண்பாகவே தோன்றிற்று. ஆதலாற்றான் 'வெரி' வந்தது.

ஆங்கிலத்தில் 'வெரி' என்பது பண்பை அளக்கும் சொல், தொழிலை அளப்பதன்று. இறந்தகால எச்சமாகப் பிறந்தும், நாளடைவிற் பண்புச்சொல்லாகவே மாறிவிட்டவை சில உண்டு. களைத்த என்னும் பொருள்படும் 'டயர்ட்' அவற்றுள் ஒன்று. 'வெரி டயர்ட்' என்பதிற் குற்றமில்லை. ஆயின், பாராட்டப்பட்டது என்னும் பொருளில் வரும் 'அட்மயர்ட்' என்பதன் முன் 'மச்' என்றோ 'கிரேட்லி' என்றோ வருதலே முறை. எச்.டபிள்யூ. ஃபௌலர் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில வழக்ககராதியில் இவ்வேறுபாட்டினை ஆராய்ந்துள்ளார். மாணவர்க்கு யான் கூறும் சோதனை எளியது. அச்சொல்லின்பின் 'இன்னாரால்' என்னும் பொருள்தரும் 'பை' என்பதனைச் சேர்த்துப் பார்க்க. இயல்பாகச் சேருமாயின் அது பெரும்பாலும் தொழில். 'வெரி' அங்கே தங்காது. இச்சோதனை எப்பொழுதும் வெல்லும் என்று யான் உறுதி கூறேன். பத்துக்கு எட்டிடத்துப் பயன்படும்.

'வெரி' நீங்கின் அவ்விடத்திற்கு எது வரும்? இங்கேதான் தமிழ் மாணவர் திகைப்பர். ஏனெனில், ஒவ்வொரு வினையும் தனக்கு இசைந்த துணையையே நாடும். மாத்தளையில் மிளகு பயிரிடப்படுவதனைச் சொல்லுங்கால் 'வைட்லி குறோன்' என்பர். பரவிக் கிடப்பதற்கு அகலம் அளவாயிற்று. புகழப்பட்டதற்கு 'ஹைலி' என்னும் உயரம் அளவு. மனம் உருகியதற்கு 'டீப்லி' என்னும் ஆழம். வரி விதிக்கப்பட்டதற்கு 'ஹெவிலி' என்னும் பாரம். தடைசெய்யப்பட்டதற்கு 'ஸ்ட்ரிக்ட்லி' என்னும் கண்டிப்பு. காயத்திற்கும் சிதைவிற்கும் 'பாட்லி' வரும். தீமையாக என்னுஞ் சொற்பொருள் அங்கே தேய்ந்து, கடுமையாக என்னும் அளவே நிற்கும். இவ்விணைகளைக் காரணங்கூறி முற்றும் விளக்குதல் அரிது. நம் மொழியிலும் அப்படியன்றோ? ஒருவர் வெகுவாகப் பாராட்டப்பட்டார் என்போம். உயரமாகப் பாராட்டப்பட்டார் என்றால் நகைப்போம். ஆதலின் வினையைத் தனியே மனனஞ் செய்தல் வீண்வேலை. துணையோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். யான் வெளிவாரிப் பட்டத்திற்குத் தனியே பயின்ற காலத்தில் தனிச்சொற்களால் மூன்று கொப்பிகளை நிரப்பினேன். அவற்றுள் ஒன்றேனும் பரீட்சை மண்டபத்தில் எனக்கு உதவியதில்லை.

இனி, அடை நிற்கும் இடம். துணைவினை ஒன்றேயாயின், அடை அதற்கும் எச்சத்திற்கும் இடையே நிற்றல் பெரும்பான்மை. நமக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. இதனை ஆங்கிலத்திற் கூறுவோர் 'வொஸ் ஃபர்ஸ்ட் ரிட்டன்' என்பர். அந்த 'ஃபர்ஸ்ட்' என்பதனை வாக்கியத்தின் தலையில் வைத்துவிடின், 'முதலில் இது நடந்தது, பின்னர் வேறொன்று நடந்தது' என்று பொருள் மாறும். கேட்போர் அடுத்தது யாதென எதிர்பார்ப்பர்.

துணைவினை இரண்டாயின் நுட்பம் மிகும். 'ஹாஸ் பீன்' என்று இரண்டு வருமிடத்து, எத்தனை முறை, எக்காலத்து என்பனவற்றை உணர்த்தும் அடை முதலாவதன் பின் நிற்கும். எவ்வாறு, எவ்வளவு என்பனவற்றை உணர்த்தும் அடை எச்சத்தை ஒட்டியே நிற்கும். அம்மாணவனின் லயத்து வீடு பலமுறை கடுமையாகச் சேதமுற்றதாயின், 'ஹாஸ் ஒஃபன் பீன் பாட்லி டமேஜ்ட்' என்றே அடுக்கவேண்டும். இரண்டு அடைகளும் தத்தம் ஆசனத்தை அறியும். அவற்றை இடம்மாற்றின் ஆங்கிலச் செவி பொறாது. 'டூ' என்பதற்கும் வினைக்கும் இடையே அடை புகுதல் குற்றம் என்று கற்றோர் சிலர், துணைவினைக்கும் எச்சத்திற்கும் இடையிலும் அடையை வைக்க அஞ்சுவர். 'டூ பீ ஃபுல்லி அண்டர்ஸ்டூட்' என்பதில் அக்குற்றமே இல்லை. இவ்வச்சம் வீணென்பதனை மேற்கூறிய ஃபௌலரே நகைச்சுவையோடு எடுத்துக்காட்டியுள்ளார்.

இடத்தினும் பெரிய செய்தியொன்று உளது. செயப்பாட்டு வினை செய்தவனை மறைக்க வல்லது. அடையோ அவனை மீண்டுங் காட்டிக்கொடுக்கும். 'கதவு திறந்து விடப்பட்டது' என்னும்போது எவர்மேலும் பழியில்லை. 'வேண்டுமென்றே' என்னும் பொருள்படும் 'டெலிபரட்லி' என்பதனைச் சேர்க்க. பெயரற்ற ஒருவன் தன் மனத்தோடு வாயிலில் வந்து நிற்பான். 1848ஆம் ஆண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர், அஃது அடக்கப்பட்டது என்னும் பொருளில் 'சப்ரெஸ்ட்' என்பர். அதன்முன் 'புரொம்ப்ட்லி' எனின் விரைந்து கடமையாற்றிய அரசு தோன்றும். 'ரூத்லெஸ்லி' எனின் இராணுவச் சட்டமும், சுட்டுக்கொல்லப்பட்ட புரன் அப்புவும், பின்னர் பிரித்தானியப் பாராளுமன்ற விசாரணைக்கு உள்ளான தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சியும் தோன்றும். வினை ஒன்றே, செய்தவர் பெயர் இரண்டிலும் இல்லை. எழுதுவோரின் தீர்ப்பு அடையிலே அடங்கிக் கிடக்கின்றது. வரலாறு கற்கும் மாணவர் ஆங்கில நூல்களைப் பயிலுங்கால், இச்சிறு சொற்களின்மேற் கண்வைத்தல் நன்று.

விண்ணப்பத்திற்கு மீள்வாம். அனர்த்தச் சேத அறிக்கைகளில் வீடுகளை இரு வகையாகவே பகுப்பர்: 'ஃபுல்லி', அதாவது முழுமையாகச் சேதமுற்றவை, 'பாஷலி', அதாவது பகுதியளவிற் சேதமுற்றவை. 'பாட்லி' என்பதற்கு அப்படிவங்களில் இடமில்லை. பின்சுவர் வீழ்ந்து, கூரை ஒருபுறஞ் சரிந்து, முன்னறை மட்டும் நின்றது என்று அவன் விவரித்தான். ஒரு வினையடையின்மேல் ஒரு குடும்பத்தின் நிவாரணம் தங்கியிருந்ததனை அன்றுதான் யான் உணர்ந்தேன். 'ஃபுல்லி' என்று எழுதுவோமா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். முன்னறை நிற்கும்வரை அது பொய்யாகும் என்றேன். படிவத்தில் அவன் 'பாஷலி' என்பதற்கு நேரே அடையாளமிட்டான். கடிதத்திலோ 'ஹாஸ் பீன் பாட்லி டமேஜ்ட்' என எழுதி, வீழ்ந்த சுவரின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் அதன்கீழ்க் குறித்து அனுப்பினோம்.